எம்416 டிரெய்லருக்குப் புது அச்சும் சக்கரமும்: ஒரு நிகழ்வு ஆய்வு

டிரெய்லரின் வலது ஹப்பில், அதாவது சக்கரத்தைப் பூட்டும் நடுப்பகுதியில், கை வைக்க முடியவில்லை. இடது ஹப் வெதுவெதுப்பாக இருந்தது. வலதில் எச்சில் தொட்டு வைத்தால் சுர்ரென்றது. பாரம் ஏற்றி ஒரு மணி நேரம்தான் ஓட்டியிருந்தேன். ஓரமாக நிறுத்தி, ஜாக்கி போட்டு, மூடியைக் கழற்றினால் கிரீஸ் இருந்த இடத்தில் காபித்தூள் மாதிரி ஒரு பழுப்புப் பொடி. பேரிங்கின் உள்வளையம் அச்சு முனையோடு ஒட்டி நிற்க வேண்டியது. அது அதன்மேலேயே சுழன்று, இரும்பில் வரி விழுந்து, நீலம் பாரித்திருந்தது. அச்சு முனை அப்படித் தேய்ந்துவிட்டால் புது பேரிங் போட்டுப் பயனில்லை, அதுவும் சுழலும்.

இப்படித்தான் வேலை ஆரம்பித்தது. எதை ஏன் மாற்றினேன், எங்கே தப்பாக அளந்தேன், மாற்றிய பிறகு வண்டி எப்படி ஓடுகிறது என்று வரிசையாக எழுதுகிறேன். இது ஒரே ஒரு டிரெய்லர், ஒரே ஒரு இழுவண்டி பற்றியது. எண்கள் உங்களுக்கு மாறும், கணக்குப் போடும் முறை மாறாது.

வண்டி எது

எம்416 என்பது அமெரிக்க ராணுவத்தின் கால் டன் டிரெய்லர். இரண்டாம் உலகப்போரில் ஜீப்புக்குப் பின்னால் ஓடிய பேன்டம், வில்லிஸ் டிரெய்லர்கள்தான் இதன் முப்பாட்டன்கள். (1940-இல் ஜீப்பின் முதல் மாதிரியைச் செய்து கொடுத்தது பேன்டம்தான். பெரிய ஒப்பந்தம் மற்றவர்களுக்குப் போய்விட, அவர்கள் டிரெய்லர் செய்து பிழைத்தார்கள்.) அதற்கடுத்து எம்38 ஜீப்புக்காக எம்100, அதன்பின் 1960-களில் எம்151 வண்டிக்குப் பின்னால் இழுக்க எம்416. வெறும் எடை சுமார் 580 பவுண்டு, அதாவது 263 கிலோ. கரடுமுரடான தரையில் ஏற்றலாம் என்று சொன்ன பாரம் 500 பவுண்டு, 227 கிலோ. உடல் ஒரே தொட்டி. ஆற்றில் இறக்கினால் மிதக்கும். அதனால் உள்ளே விழுந்த மழைநீர் தானாக வெளியேறாது, அடியில் உள்ள மூடியைத் திறந்துதான் விட வேண்டும். இதை மறந்து ஒரு மழைக்காலம் முழுக்கத் தவளை வளர்த்தவன் நான்.

சக்கரம் 7.00-16. முன்னும் பின்னும் ஒரே மாதிரி தெரியும் ராணுவப் பூவேலை டயர்; தடத்தைப் பார்த்து வண்டி எந்தப் பக்கம் போனது என்று எதிரி கண்டுபிடிக்கக் கூடாதாம். பார்க்க அழகு, நனைந்த தார்ச்சாலையில் பிடிப்பு மோசம். போல்ட் அமைப்பு 5×139.7: ஐந்து போல்ட், 139.7 மி.மீ. அதாவது ஐந்தரை அங்குல வட்டம். சிஜே என்ற பழைய பொதுமக்கள் ஜீப்புகளிலும் இதே வட்டம்தான்.

இழுப்பது 4 கதவு ஜீப் ராங்ளர், ஜேகே என்ற தலைமுறை. அதன் போல்ட் வட்டம் 5×127. டயர் 255/75 ஆர்17, விட்டம் 814 மி.மீ. ஆக இந்த ஜோடியில் ஒன்றின் சக்கரம் மற்றதற்குப் பொருந்தாது, இரண்டு மாற்றுச் சக்கரம் சுமக்க வேண்டும். காட்டுப் பாதைக்குப் போகிறவனுக்கு அது வெட்டிச் சுமை.

அதைவிடப் பெரிய குறை, தட அகலம். எம்416-இன் இரண்டு சக்கரத்துக்கும் இடையிலான தூரம் ஜீப்பினதைவிட ஏறக்குறைய ஒரு சாண் குறைவு. தார்ச்சாலையில் இது தெரியவே தெரியாது. சேற்றில் தெரியும். ஜீப் இரண்டு பள்ளம் உழுதுகொண்டு போகும், டிரெய்லர் அந்தப் பள்ளத்தில் விழாமல் உள்பக்கச் சரிவில் ஏறிக்கொண்டு நடுமேட்டை உரசும். ஒரு பக்கம் சறுக்கிப் பள்ளத்தில் விழுந்தால் மறுபக்கம் மேட்டில் தொங்கும். மணலிலும் அப்படியே, ஜீப் அமுக்கிக் கொடுத்த தடத்தை விட்டுவிட்டுத் தனக்கென்று புதுத் தடம் போடும், அவ்வளவு இழுவையும் எஞ்சின் தலையில்.

அடாப்டர் போதாதா

எல்லாரும் முதலில் கேட்பது இது. 5×139.7 ஹப்பில் ஒரு தடித்த அலுமினிய வட்டைப் பூட்டினால் வெளிப்பக்கம் 5×127 போல்ட் வந்துவிடும். ஒன்றரை அங்குலத் தடிமன், அதாவது 38 மி.மீ. அச்சைத் தொடவே வேண்டாம்.

அச்சு முனை கெட்டுப்போகாமல் இருந்திருந்தால்கூட நான் அதைச் செய்திருக்க மாட்டேன். காரணம் ஆஃப்செட். ராங்ளரின் 17 அங்குலச் சக்கரத்தில் ஆஃப்செட் 44 மி.மீ. ஹப்பில் ஒட்டும் முகம் சக்கரத்தின் நடுக்கோட்டிலிருந்து 44 மி.மீ. வெளியே தள்ளி இருக்கிறது. வேறு மாதிரி சொன்னால், ஹப் முகத்தில் இந்தச் சக்கரத்தை வைத்தால் டயரின் நடு 44 மி.மீ. உள்ளே போய் நிற்கும். அடாப்டர் 38 வெளியே தள்ளும், சக்கரம் 44 உள்ளே இழுக்கும். பழைய ஹப் முகத்திலிருந்து பார்த்தால் டயரின் நடு 6 மி.மீ. உள்ளேதான். செலவு செய்து அடாப்டர் போட்டும் தட அகலத்துக்குப் பலனில்லை.

ஆக, அச்சையே மாற்றுவது என்று முடிவு. இந்த 44 என்ற எண்ணை இவ்வளவு தெளிவாகப் புரிந்துவைத்திருந்த நான் அடுத்து என்ன செய்தேன் என்று கேளுங்கள்.

தப்பான அச்சு

டிரெய்லர் அச்சு செய்கிறவர்களிடம் இரண்டு அளவு கொடுக்க வேண்டும். ஒன்று, ஹப் முகத்திலிருந்து ஹப் முகம். இரண்டு, பிளேட் செட் (இரும்புப் பட்டைகளை அடுக்கிய வில்) உட்காரும் இரண்டு இருக்கைகளின் நடுவிலிருந்து நடு. இரண்டாவதை டிரெய்லர் சட்டத்தில் தூக்குக்குண்டு விட்டு, தரையில் சாக்பீஸ் குறி போட்டு, மூன்று முறை அளந்தேன். அது சரியாகவே வந்தது. முதலாவதுக்கு ஜீப்பின் தட அகலத்தைப் பார்த்தேன். ஜேகே ரூபிக்கான் வகையில் அது 61.9 அங்குலம், 1572 மி.மீ. சரி என்று அதையே எழுதி அனுப்பிவிட்டேன்.

அச்சு வந்தது. இருக்கைமேல் வைத்து, ஹப் மாட்டி, ஜீப்பின் மாற்றுச் சக்கரத்தைக் கொண்டுவந்து பூட்டிப் பார்த்தால் டயருக்கும் தொட்டிக்கும் இடையில் சுண்டுவிரல்தான் நுழைகிறது. ஏதோ பிளேட் செட் ஒரு பக்கம் தள்ளி உட்கார்ந்திருக்கிறது என்று நினைத்து மறுபக்கம் போய்ப் பார்த்தேன். அங்கேயும் சுண்டுவிரல்தான்.

லேத் வேலை தெரிந்த நண்பன் ஒருவன் பக்கத்தில் நின்று தேநீர் குடித்துக்கொண்டிருந்தான். "மச்சான், நீ கொடுத்தது டயர் நடுவுக்கு நடு. அவன் செய்தது ஹப் முகத்துக்கு முகம். அவன் மேல் தப்பில்லை" என்றான்.

தட அகலம் என்பது டயரின் நடுவிலிருந்து நடு. சக்கரத்துக்கு ஆஃப்செட் பூஜ்யமாக இருந்தால் இரண்டும் ஒரே எண். சாதாரண டிரெய்லர் சக்கரங்களில் பெரும்பாலும் பூஜ்யம்தான், அதனால் டிரெய்லர்காரர்களுக்கு இந்தக் குழப்பம் வருவதில்லை. கார் சக்கரத்தை டிரெய்லரில் போடுகிறவனுக்குத்தான் வரும். சரியான கணக்கு இது: தட அகலத்தோடு ஆஃப்செட்டை இரண்டு மடங்காக்கிக் கூட்ட வேண்டும். 1572-உடன் 88 சேர்த்தால் 1660 மி.மீ., அங்குலத்தில் 65.4. ஜீப்பின் பின் அச்சில் ஹப் முகத்துக்கு முகம் நேராக அளந்தாலும் அதே 65.4 வருகிறது. ஜீப் வாசலில்தான் நின்றுகொண்டிருந்தது. முதலிலேயே டேப்பை எடுத்துப் போய் அளந்திருந்தால் கணக்கே தேவைப்பட்டிருக்காது.

இதைச் சரிசெய்ய இரண்டு வழி. பக்கத்துக்கு 44 மி.மீ. ஸ்பேசர், அதாவது ஹப்புக்கும் சக்கரத்துக்கும் இடையில் பூட்டும் தடித்த வட்டு, போடுவது ஒன்று. பேரிங்குக்கு அதனால் கெடுதல் வராது. ஸ்பேசர் போட்டபின் டயரின் நடு சரியாக ஹப் முகத்துக்கு நேரே வருகிறது, டிரெய்லர் ஹப் பூஜ்ய ஆஃப்செட் சக்கரத்துக்காகவே செய்யப்படுவதால் அந்த இடத்தில் பாரம் விழுவது அதற்குப் பழக்கம்தான். ஆனால் ஒவ்வொரு சக்கரத்துக்கும் இரண்டு வரிசை நட்டு. உள்வரிசை தளர்ந்தால் வெளியிலிருந்து தெரியாது. இன்னொரு வழி அச்சைத் திருப்பிச் செய்வது. தூக்கம் கெடாத வழி எது என்று யோசித்து, இரண்டாவது அச்சுக்குச் சொன்னேன். முதல் அச்சு இன்னும் சுவரோரம் சாய்ந்து நிற்கிறது, அதன்மேல் சாக்பீஸில் 1572 என்று எழுதிவைத்திருக்கிறேன்.

எந்தத் தாங்குதிறன்

500 கிலோ சொச்சம் எடையுள்ள வண்டிக்கு 3,500 பவுண்டு தாங்கும் அச்சு எதற்கு என்று கேட்கலாம். 2,000 பவுண்டு அச்சே தாராளம் என்றுதான் முதலில் தோன்றும். இரண்டு காரணங்களுக்காகப் பெரியதை எடுத்தேன்.

ஒன்று, நீட்டம். அச்சுக்குழாய் வளைவது பாரத்தால் மட்டுமில்லை, பிளேட் இருக்கையிலிருந்து சக்கரம் எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதாலும்தான். எம்416-இன் சட்டம் குறுகலானது. அதில் அகலமான ஜீப் தடத்தைப் பொருத்தினால் இருபக்கமும் ஏறக்குறைய ஒரு அடி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். அச்சின்மேல் எழுதியிருக்கும் தாங்குதிறன் இவ்வளவு நீட்டத்தை நினைத்து எழுதியது இல்லை. அதனால் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கட்டும்.

இன்னொன்று உதிரிபாகம். 3,500 பவுண்டு அச்சில் உள்பேரிங் எல்68149, வெளிப்பேரிங் எல்44649. டிரெய்லர் உலகில் இவை உப்பு, புளி மாதிரி, எங்கேயும் கிடைக்கும். ஹப்பும் 5×127 வட்டத்தில் சாதாரணமாகவே வருகிறது. அதைவிட மகிழ்ச்சி, அதன் ஸ்டட் (சக்கர நட்டு ஏறும் போல்ட்) அரை அங்குலம், அங்குலத்துக்கு 20 மரை. ஜேகே-யிலும் அதே ஸ்டட். ஒரே நட்டு, ஒரே ஸ்பேனர், ஒரே மாற்றுச் சக்கரம். (ஜேகே-க்கு அடுத்து வந்த ஜேஎல்-இல் மெட்ரிக் ஸ்டட், அதனால் இது பொருந்தாது. கவனம்.)

அச்சின் தாங்குதிறன் கூடினால் கெடுதல் இல்லை. கொஞ்சம் இரும்பு எடை கூடும், அவ்வளவுதான். பிளேட் செட்டின் தாங்குதிறன் கூடினால் கெடுதல் உண்டு. இதைத்தான் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். 3,500 அச்சோடு வழக்கமாகக் கொடுக்கும் பிளேட் செட் ஒவ்வொன்றும் 1,750 பவுண்டு, சுமார் 794 கிலோ தாங்கும். என் டிரெய்லர் வேலையெல்லாம் முடிந்து வெறுமையாக 345 கிலோ. முகாம் சாமான் 210 கிலோ ஏற்றினால் 555. அதில் கொக்கியில் உட்காருவது 66, அச்சும் சக்கரமும் பிரேக்கும் சேர்ந்து 130 போல; இவை பிளேட்டின்மேல் ஏறாத எடை. மீதி 359, பக்கத்துக்குச் சுமார் 180 கிலோ. 794 தாங்கும் பிளேட்டில் 180 வைத்தால் அது அசையவே அசையாது. கல்மேல் ஏறும்போது வண்டி மொத்தமும் தூக்கிப் போடும். முட்டை, கண்ணாடி, காஸ் அடுப்பு எல்லாம் ஊஞ்சலாடும்.

அதனால் பழைய பிளேட் செட்டையே வைத்துக்கொண்டேன். ராணுவக்காரர்கள் இந்தப் பாரத்துக்கென்றே கணக்குப் பார்த்துச் செய்தது. கழற்றி, ஒவ்வொரு பட்டையாகப் பிரித்து, கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, கீறல் இருக்கிறதா என்று மண்ணெண்ணெயும் சாக்பீஸும் வைத்துப் பார்த்தேன். மண்ணெண்ணெய் தடவித் துடைத்துவிட்டு மேலே சாக்பீஸ் பூசினால், கீறல் இருந்தால் அதிலிருந்து மெல்லக் கசிந்து கோடு தெரியும். கோடு இல்லை. புது புஷ், புது ஷேக்கிள் ஊசி போட்டேன். அச்சையும் பிளேட்டையும் சேர்த்துப் பிடிக்கும் யூ போல்ட் மட்டும் பழையதை எடுக்கவே கூடாது. ஒருமுறை முறுக்கி இழுபட்டது மறுபடி அதே பிடி கொடுக்காது. என்னுடையதைக் கழற்றும்போது இரண்டு அறுந்தே போனது.

பிளேட்டை அச்சுக்குக் கீழிருந்து மேலே ஏற்றி வண்டியை உயர்த்தும் வேலை பலர் செய்வது. படத்தில் நன்றாக இருக்கும். நான் செய்யவில்லை. புது டயரின் விட்டம் பழையதைவிடக் கொஞ்சம்தான் கூட, வண்டி உயர்ந்தது 2 செ.மீ. போல. அது போதும். பாரம் உயர உயரச் சரிவில் கவிழும் பயம் கூடும், அகலமான தடத்தால் சம்பாதித்ததை உயரத்தில் இழப்பானேன்.

பொருத்தியது

இருக்கைகளை அச்சுக்குழாயில் வெல்டிங் செய்வது நிதானமாகச் செய்ய வேண்டிய வேலை. குழாயில் ஒரே பக்கம் தொடர்ந்து சூடு கொடுத்தால் வெல்டிங் ஆறும்போது சுருங்கி அச்சு வளையும். வெல்டர் முதலில் நான்கு மூலையில் பொட்டு வைத்தார், அப்புறம் இடது இருக்கையில் ஒரு அங்குலம், வலதில் ஒரு அங்குலம் என்று மாறி மாறிப் போட்டு, நடுநடுவே ஆறவிட்டார். குழாயைச் சுற்றி முழு வட்டமாக வெல்டிங் போடக் கூடாது, இருக்கையின் நீளவாக்கில் மட்டும். இரண்டு இருக்கையும் ஒரே தளத்தில் இருக்கிறதா என்று ரசமட்டம் வைத்து, பொட்டு வைத்த பிறகு ஒருமுறை, முடிந்த பிறகு ஒருமுறை பார்த்தோம்.

அச்சு சட்டத்துக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும். இதைத் தொட்டியின் ஓரத்திலிருந்து அளக்கக் கூடாது. பழைய ராணுவத் தொட்டி எங்கே அடிபட்டு எப்படி வளைந்திருக்கும் என்று யாருக்குத் தெரியும். இழுக்கும் வளையத்தின் நடுவிலிருந்து இரண்டு அச்சு முனைக்கும் நீளாத கம்பி ஒன்றைப் பிடித்து அளந்தேன். முதலில் 7 மி.மீ. வித்தியாசம். யூ போல்ட்டைத் தளர்த்திப் பார்த்தால், வலது பிளேட்டின் நடுபோல்ட் தலை இருக்கையின் குழியில் சரியாக இறங்காமல் ஓரத்தில் ஏறி நின்றிருந்தது. உட்கார வைத்தபின் 2 மி.மீ. 3-க்குள் இருந்தால் போதும் என்பது என் கணக்கு. இதைக் கவனிக்காமல் விட்டால் டிரெய்லர் நண்டு மாதிரிப் பக்கவாட்டில் ஓடும், டயர் ஒரே பக்கம் தேயும்.

பேரிங் போடுவது பற்றி ஒரு பத்தி, ஏனென்றால் இந்தக் கதை அங்கிருந்துதான் தொடங்கியது. கிரீஸை மேலே பூசினால் போதாது, உருளைகளுக்கு இடையில் மறுபக்கம் பிதுங்கி வரும்வரை உள்ளங்கையில் வைத்து அழுத்த வேண்டும். ஹப்பை மாட்டி, கையால் சுற்றிக்கொண்டே நட்டை 50 அடி-பவுண்டு, அதாவது 68 நியூட்டன் மீட்டர் வரை முறுக்கி உட்கார வைக்க வேண்டும். அப்புறம் முழுசாகத் தளர்த்திவிட்டு, விரலால் மட்டும் இறுக்கி, ஸ்பிளிட் பின் நுழையும் முதல் இடத்தில் நிறுத்த வேண்டும். ஹப்பைப் பிடித்து ஆட்டினால் இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வரும் அளவுக்கு ஒரு ஆட்டம் இருக்கும். அது இருக்க வேண்டும். "கொஞ்சம் டைட்டாகவே இருக்கட்டுமே" என்று விட்ட யாரோ ஒருவரால்தான் என் பழைய அச்சு நீலமானது என்று நினைக்கிறேன். அந்த யாரோ ஒருவர் போன வருடத்து நானாகவும் இருக்கலாம்.

பிரேக்

எம்416-இல் ஓடும்போது பிடிக்கும் பிரேக் கிடையாது. நிறுத்தி வைக்க ஒரு கைப்பிடி பிரேக் மட்டும். அது பழைய அச்சின் டிரம்மோடு இணைந்தது, அச்சு போனால் அதுவும் போச்சு. முதலில் பிரேக்கே வேண்டாம் என்றுதான் இருந்தேன், இத்தனை நாள் இல்லாமல்தானே ஓட்டினோம் என்று. ஜீப்பின் கையேட்டை எடுத்துப் பார்த்தேன். 1,000 பவுண்டுக்கு மேல், அதாவது 453 கிலோவுக்கு மேல் உள்ள டிரெய்லருக்குத் தனிப் பிரேக் நல்லது என்கிறது, 2,000-க்கு மேல் கட்டாயம் என்கிறது. என்னுடையது 555. இறக்கத்தில் பின்னாலிருந்து அரை டன் தள்ளுவது எப்படி இருக்கும் என்று ஏற்கெனவே தெரியும். பிரேக் பற்றிய அரசுச் சட்டம் இடத்துக்கு இடம் மாறும். எடைக்கு ஏற்ப என்ன கட்டாயம் என்று பதிவு செய்யும் இடத்தில் கேட்டுக்கொள்வது நல்லது, அச்சு வாங்கும் முன்பே.

பத்து அங்குலம், இரண்டே கால் அங்குல அகல மின்சார டிரம் பிரேக் போட்டேன். இதில் எண்ணெயும் இல்லை, குழாயும் இல்லை. ஒரு மின்காந்தம், மின்சாரம் பாய்ந்ததும் சுழலும் டிரம்மின் உள்முகத்தில் ஒட்டிக்கொண்டு கூடவே போகப் பார்க்கும். அது பிடித்திருக்கும் நெம்புகோல் பிரேக் ஷூவை விரிக்கும். எவ்வளவு மின்சாரம் போக வேண்டும் என்பதை ஜீப்பில் வைக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டி பார்த்துக்கொள்ளும். காந்தத்தின் இரண்டு கம்பியில் எது பாசிட்டிவ், எது நெகட்டிவ் என்ற கவலை இல்லை. ஆனால் பிரேக் ஷூக்கள் பூட்டியிருக்கும் தட்டில் இடது, வலது உண்டு. லைனிங் குட்டையான ஷூ முன்பக்கம் வர வேண்டும், நீளமானது பின்பக்கம். மாற்றிப் போட்டாலும் போல்ட் பொருந்திவிடும், பிரேக் மட்டும் பிடிக்காது.

டிரெய்லர் கழன்றால் ஊசி பிடுங்கிக்கொண்டு தானே பிரேக் போடும் சுவிட்சும் அதற்கொரு சின்ன பேட்டரியும் வளையத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். நிறுத்தி வைக்கும் பிரேக்குக்கு இன்னும் வழி செய்யவில்லை. மின்சார பிரேக்கை அதற்கு நம்ப முடியாது, பேட்டரி தீர்ந்ததும் விட்டுவிடும். இப்போதைக்கு இரண்டு மரக்கட்டை.

விளக்குகளை ஒரே மாலையில் முடித்தேன். ராணுவத்தினுடையது 24 வோல்ட், 12 ஊசி இணைப்பு, எதிரி விமானத்துக்குத் தெரியாமலிருக்க மங்கலாக எரியும் இருட்டடிப்பு விளக்கு வேறு. எல்லாவற்றையும் எடுத்துவிட்டு 12 வோல்ட் எல்.இ.டி. போட்டேன். எர்த்துக்குத் தனிக் கம்பி இழுத்தேன். வளையமும் கொக்கியும் தொடுவதை நம்பினால் ஒவ்வொரு குலுக்கலுக்கும் விளக்கு கண் சிமிட்டும்.

மட்கார்டுதான் எதிர்பாராமல் இழுத்தடித்தது. பழைய மட்கார்டு குறுகலான டயருக்கும் குறுகலான தடத்துக்கும் செய்தது. புது டயர் அதற்கு வெளியே பாதி நின்றது. வெட்டி அகலப்படுத்தலாம் என்று ஒன்றில் கை வைத்து, தகடு நெளிந்து, அசிங்கமாகி, கடைசியில் பட்டைத் தகட்டில் புதிதாக இரண்டு செய்தோம். எவ்வளவு இடைவெளி விடுவது என்று பார்க்க, பிளேட் செட்டை அவிழ்த்துவிட்டு அச்சை ஜாக்கியால் சட்டத்தின் முட்டுவரை ஏற்றி, அந்த நிலையில் டயருக்கு மேல் மூன்று விரல் விட்டுக் குறித்தோம். ஆளை மேலே உட்கார வைத்துப் பார்ப்பது போதாது. குழியில் விழும்போது நான்கு ஆள் எடை ஒரே நொடியில் வரும்.

ஓட்டிப் பார்த்தது

முதலில் கொக்கிப் பாரம். மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியில் இருக்க வேண்டும். குறைந்தால் நெடுஞ்சாலையில் வால் ஆட்டும், கூடினால் ஜீப்பின் பின்பக்கம் குந்திவிடும். வீட்டில் ஆள் எடை பார்க்கும் மெஷினை வைத்து, அதன்மேல் ஜீப்பின் கொக்கி உயரத்துக்குக் கட்டை அடுக்கி, வளையத்தை அதில் உட்கார வைத்தேன். 66 கிலோ, 12 சதவீதம். அச்சைப் பழைய இடத்திலேயே வைத்ததால் இதில் சிக்கல் வரவில்லை. முன்னால் தண்ணீர் கேனை மாற்றி வைத்தால் 5 கிலோ கூடுகிறது, அதனால் தண்ணீர் இப்போது சரியாக அச்சுக்கு மேலே.

காற்று விஷயத்தில் கொஞ்சம் சோதனை செய்ய வேண்டியிருந்தது. ஜீப்பில் 35 பி.எஸ்.ஐ. வைக்கும் டயர், டிரெய்லரில் ஒரு டயருக்கு 245 கிலோதான். அதே 35 வைத்தால் பந்து மாதிரி குதித்தது. டயரின் குறுக்கே சாக்பீஸ் கோடு போட்டு, நேரான சாலையில் கொஞ்ச தூரம் ஓட்டி, கோடு எங்கே அழிகிறது என்று பார்த்துக் குறைத்துக்கொண்டே வந்தேன். 35-இல் நடு மட்டும் அழிந்தது. 20-இல் ஓரம்வரை சமமாக அழிந்தது. அங்கே நிறுத்திவிட்டேன்.

சக்கர நட்டை 100 அடி-பவுண்டு முறுக்கி, 15, 40, 80 கிலோமீட்டரில் நிறுத்தி மறுபடி பார்த்தேன். முதல் நிறுத்தத்தில் இரண்டு நட்டு கால் சுற்று எடுத்தது. யூ போல்ட்டும் முதல் பாரப் பயணத்துக்குப் பிறகு கொஞ்சம் எடுத்தது.

அதே 80-ஆவது கிலோமீட்டரில் வெப்பமானியை ஹப்பில் காட்டினேன். இடது 41 டிகிரி, வலது 58. மறுபடியும் வலதா என்று வயிறு கலங்கியது. ஜாக்கி போட்டுச் சுற்றினால் பேரிங் சத்தம் இல்லை, ஆனால் சக்கரம் ஒரு இடத்தில் லேசாக உரசுகிறது. பிரேக் ஷூவைச் சரிசெய்யும் பல்சக்கரத்தை வலதில் கூடுதலாகத் திருப்பியிருந்தேன். ஆறு பல் தளர்த்தியதும் சூடு இடதோடு சமமானது.

அடுத்த வாரம் சேற்றுப் பாதை. இந்த வேலையின் நோக்கமே இதுதான் என்பதால் இறங்கிப் பின்னாலேயே நடந்து பார்த்தேன், நண்பன் ஓட்டினான். நேரான பகுதியில் டிரெய்லர் டயர் ஜீப்பின் பள்ளத்திலேயே, சுவரை இடிக்காமல், தண்டவாளத்தில் போவது மாதிரி வந்தது. முன்பு நடுமேட்டை உரசிய அதே இடத்தில் தொட்டியின் அடி தொடவே இல்லை. வளைவில் அப்படி இல்லை. எந்த டிரெய்லரும் வளைவில் உள்பக்கம் வெட்டித்தான் வரும், தடத்தை எவ்வளவு பொருத்தினாலும் அது மாறாது. அகலம் கூடியதால் இப்போது உள்பக்கம் இன்னும் ஒரு கை கூடுதலாக வெட்டுகிறது. ஒரு மரத்தில் மட்கார்டு கீறிக்கொண்டது அதனால்தான்.

வளையமும் கொக்கியும் இன்னும் டங்டங் என்று சத்தம் போடுகின்றன. பந்துக்கொக்கிக்கு மாற்றச் சொல்கிறார்கள். மேடுபள்ளத்தில் இவ்வளவு திரும்பிக் கொடுக்கும் இணைப்பு வேறு கிடைக்காது என்பதால் சத்தத்தைப் பொறுத்துக்கொள்கிறேன்.

ஓடையைத் தாண்டுவதில்தான் புதுப் பழக்கம் வந்திருக்கிறது. சூடான ஹப் குளிர்ந்த தண்ணீரில் இறங்கினால் உள்ளே காற்று சுருங்கி, ரப்பர் சீலைத் தாண்டித் தண்ணீரை உறிஞ்சும். அதனால் கரையில் நிறுத்தி, ஹப்பைத் தொட்டுப் பார்த்து, ஆறவிட்டுத்தான் இறங்குகிறோம். டிரம்முக்குள் வண்டல் சேருவதை மட்டும் தடுக்க முடியவில்லை. போன முறை திறந்தபோது இடது டிரம்மில் ஒரு கைப்பிடி மணல் இருந்தது, காந்தத்தின் முகத்தில் கீறலும் தெரிந்தது. இந்த மாதம் அதை மறுபடி திறந்து பார்க்க வேண்டும்.